சுன்கேசரியின் மூங்கில் பசு

பூகம்பம் வந்த வருடம், பசுத் திருவிழாவுக்காகச் சொந்த ஊரான பக்தபூர் போனேன். சித்திரையில் எங்கள் வீடு விழுந்ததில் என் மனைவி சுன்கேசரி இறந்துபோனாள். அதன் பிறகு கீர்த்திபூரில் மகள் வீட்டில் இருந்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பிழைகள் கண்ணில் பட்டன. சாப்பிட்டேன், தூங்கினேன். அழுகை மட்டும் வரவில்லை. அதைப் பற்றி மகள் பக்கத்து அறையில் தன் கணவனிடம் கிசுகிசுப்பது கேட்கும்.

அந்த வருடத்தில் சாவு விழுந்த ஒவ்வொரு வீட்டாரும் அன்று ஒரு பசுவை ஊர்வலத்தில் அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் பசு என்பது உயரமான மூங்கில். உச்சியில் வைக்கோல் கொம்பும் குடையும். உடம்பைச் சுற்றி இறந்தவரின் துணி. அதன்மேல் அவர் படம். அன்று எமனின் வாசல் திறந்திருக்கும், பசுவின் பின்னால் அவர்கள் உள்ளே போய்விடலாம் என்பார்கள். நான் நம்பினேனா என்று யோசித்துப் பார்க்கவில்லை. அவள் நம்பினாள். அவளை ஒழுங்காக அனுப்பிவைக்க வேண்டும். எனக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய தம்பி தீர்த்தலால் நின்றிருந்தான்.

"வாங்க அத்தான். சாப்டீங்களா?"

"ஆச்சு."

"அக்காவோட கறுப்புச் சேலை கிடைச்சிடுச்சு. செவப்புக் கரை போட்டது. இடிபாட்டுலேருந்து நானே எடுத்தேன். எத்தனை தடவ அலசினாலும் மண்ணு வந்துகிட்டே இருக்கு."

"சரி" என்றேன்.

எங்கள் தெரு இருந்த இடத்தில் செங்கல்லை ஓரமாகக் குவித்து வழி விட்டிருந்தார்கள். அந்தச் சிறு வழியில் மூங்கில் பசுக்கள் நெருக்கியடித்து நின்றன. மற்ற வருடங்களில் எங்கள் தெருவிலிருந்து ஒன்றோ இரண்டோ போகும். அந்த வருடம் எண்ணத் தோன்றவில்லை. பையன்கள் ஜோடி சேர்ந்து கோல் அடித்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் நிவாரணத் தார்ப்பாயைச் சேலையாகக் கட்டி, உதட்டுச் சாயம் பூசியிருந்தான்.

"என்னடி, புதுச் சேலையா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"அரசாங்கம் எடுத்துக் குடுத்துச்சுங்க! மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வேகும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று அப்படித்தான், சாவு விழுந்த வீட்டாரும் சிரித்தாக வேண்டும்.

ஒவ்வொரு பசுவையும் நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். நான் சுன்கேசரியின் முகத்தைத் தேடினேன். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். கண்டுபிடித்தேன். அவள் முகத்துக்குக் கீழே வெள்ளைக் காற்சட்டையும் சாம்பல் நிறக் கோட்டும் சுற்றியிருந்தன.

அந்தக் காற்சட்டையை எனக்குத் தெரியும். எதிர்வீட்டு நுச்சேயுடையது. முற்றத்தில் அவள் மிளகாய் காயப்போடுகிற இடத்துக்கு நேர் மேலேதான் அவர் அதைப் பிழியாமல் தொங்கவிடுவார். சொட்டச் சொட்ட மிளகாய் ஊறிப்போகும். "ஒம்ம காற்சட்டைய நீரே வறுத்துத் தின்னும்" என்று ஜன்னலிலிருந்து அவள் கத்துவாள். அவரும் அதே நாளில்தான் போனார்.

அவளுடைய சேலை பக்கத்து மூங்கிலில் இருந்தது. அதன்மேல் நுச்சேயின் மீசை.

தீர்த்தலால் மூங்கிலை எட்டிப் பிடித்தான். "அவசரத்துல படத்த மாத்திக் கட்டிட்டானுங்க அத்தான். டேய், எறக்குங்கடா!"

முன்னால் தோள் கொடுத்திருந்த பெரியவர் திரும்பினார். "தூக்கினத எப்படிய்யா நடுவுல எறக்குறது? ஊரச் சுத்தி முடிச்சுத்தான் தரையத் தொடணும். பின்னால பாரு, தெருவே அடைச்சு நிக்குது."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நுச்சேயின் மனைவி அஷ்டமாயா வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசியில எங்காளு காற்சட்டைய ஒங்க வீட்டுக்காரியே கட்டிக்கிட்டாளா?" என்றாள்.

பின்னாலிருந்து தள்ளினார்கள். நடந்தாக வேண்டும். எதன் பின்னால் நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் இருந்தவள் அலுவலகத்தில் உட்காரவைத்துப் பிடித்த யாரோ மாதிரி இருந்தாள். சேலையில் இடுப்புப் பக்கம் எண்ணெய்க் கறை இருந்தது. நான் சேலையின் பின்னால் போனேன். அஷ்டமாயா காற்சட்டையின் பின்னால் போனாள். வழி நெடுக நுச்சே என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதிக் கோபுரம் விழுந்த கோயிலைக் கடக்கும்போது மழை தூறியது. யாரோ என் கையில் கோலைக் கொடுத்தார்கள். எதிரே வந்தவர்களின் கோலில் தட்டினேன். கைக்கு ஆட்டம் மறக்கவில்லை.

சுற்றி முடித்ததும் மூங்கில்களைச் சாய்த்துப் பிரித்தார்கள். அஷ்டமாயா சுன்கேசரியின் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் நுச்சேயின் படத்தைக் கொடுத்தேன்.

"வழியெல்லாம் என்னைய மொறச்சுகிட்டே வந்தா, மகராசி" என்றாள்.

"அவ போய்ச் சேர்ந்திருப்பாளா?" என்று கேட்டேன். சித்திரைக்குப் பிறகு நானாக யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வாசல்ல நின்னு சண்ட போட்டுகிட்டிருப்பாங்க. 'எஞ்சேலையக் குடும்யா'ன்னு இவ. 'மொதல்ல என் காற்சட்டைய அவுரு'ன்னு அவரு. எமனே சத்தம் தாங்காம ரெண்டு பேரையும் உள்ள தள்ளிக் கதவச் சாத்தியிருப்பான்."

தீர்த்தலால் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சுன்கேசரி இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பாள் என்பது வந்தது. முதலில் மூக்கில் காற்று விடுவாள். பிறகுதான் சத்தம் வரும். இத்தனை மாதமும் அது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

திரும்பும் பேருந்தில் சேலையை மடியில் வைத்திருந்தேன். மழையில் நனைந்து கனத்தது. மடித்துப் பார்த்தேன். சிவப்புக் கரை வெளியே தெரிகிற மாதிரி அவள் மடிப்பாள். எனக்கு அப்படி வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தேன். சொட்டிய தண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் செருப்பை நனைத்தது.

"பிழிஞ்சு எடுத்துட்டு வரக்கூடாதாங்க?" என்றார் அவர்.

"பிழியலாம்" என்றேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மெதுவாகப் பிழிந்தேன். இன்னும் மண் வந்தது.