அர்த்தம் மட்டும் சொல்லுங்கோ

"உங்களுக்கு வார்த்தை வேணும், எனக்கு அர்த்தம் வேணும். மணையை இப்படித் தள்ளுங்கோ" என்றாள் வாலாம்பாள்.

மாதுங்காவில் விளக்கு வைக்கிற நேரம். ஆபீஸிலிருந்து வந்த அவள் புருஷன் அனந்தநாராயணன், காப்பியை முடித்துவிட்டு, அட்டையில் ஒட்டிக் கத்தரித்த இங்கிலீஷ் எழுத்துகளை மணைமேல் கொட்டினார். வாரப் பத்திரிகைப் போட்டி. கலைந்து கிடக்கிற எழுத்துகளைச் சேர்த்துக் குட்டிக் குட்டி வார்த்தைகளாக்க வேண்டும். வாலாம்பாளுக்கு அந்தப் பாஷையில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கைராசிக்காரி என்று அவளைத்தான் நகர்த்தச் சொல்வார்.

திங்கட்கிழமை அவள் சேர்த்ததற்கு எலி என்று அர்த்தம் சொன்னார். மறுநாள் அரிசிப் பானைக்குள் செத்த எலி. அடுத்த வார்த்தைக்கு நொண்டி என்றார். "ஜெயிக்கறேளோ இல்லையோ, காலைப் பார்த்து வையுங்கோ" என்று சிரித்தாள். அன்றைக்கே மாடிப்படியில் அவர் கால் பிசகியது. அப்புறம் இருவரும் சிரிக்கவில்லை.

இன்று அவள் கை எழுத்துகளுக்கு மேலேயே நின்றது.

"ஏன்னா, பஞ்சுவைப் பத்திக் கேக்கட்டுமா?"

பஞ்சு ஒரே பிள்ளை. சரக்குக் கப்பலில் உத்தியோகம். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

"பைத்தியமாடி நீ? இது என்ன, பூக்கட்டிப் பாக்கற சமாசாரமா?"

"அம்பாள் எந்தப் பாஷையில சொன்னா என்ன? நீங்க அர்த்தம் மட்டும் சொல்லுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளை இழுத்து வரிசையாக வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னன்னா?"

"வீடு" என்றார். "வீடுன்னு அர்த்தம்."

"வந்துடுவான்! நாளைக்கே அவனுக்கும் ஒரு இலை போட்டுடறேன். என் கை பொய் சொல்லாது."

அவர் நொண்டிக்கொண்டே குளிக்கிற உள்ளுக்குப் போனார். அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு கொட்டும் சத்தம் கேட்டது.

"இந்த வேளையில என்ன குளியல்? வெந்நீர் போடட்டுமா?" என்று எழுந்து போனவள் கதவருகில் நின்றுவிட்டாள். ஆபீஸ் சட்டையும் வேட்டியுமாக, கட்டின துணியோடு, அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அப்பா தவறிப்போனதாகத் தந்தி வந்த அன்றைக்கு நின்றாரே, அதே மாதிரி.

அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்து மணைக்கு முன்னால் உட்கார்ந்து எழுத்துகளைக் கலைக்கப் போனாள். அட்டைகள் ஊறி, மணையோடு ஒட்டிக் கிடந்தன. விரல் நனைந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்புக் கரித்தது.