கதவருகே நின்ற டாக்டர்

டாக்டர் ஷாஹினா எம்ஆர்ஐ அறையின் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"இந்தக் குழந்தைக்கு இன்னைக்கு ஸ்கேன் கிடையாது, சார்."

எதிரே நின்றவர் சிவப்பிரகாசம். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் ஒப்பந்தத்தில் சம்பாதித்து, போர்ட் பிளேரில் அந்த ஸ்கேன் சென்டரைக் கட்டியவர். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டாக அங்கே இருந்தது ஷாஹினா ஒருத்திதான்.

குழந்தை, சௌல்தாரி கிராமத்திலிருந்து வந்திருந்த நான்கு வயது சங்கவி. இரண்டு தடவை வலிப்பு வந்ததால் சென்னை டாக்டர் மூளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். எம்ஆர்ஐ இயந்திரத்தின் இரைச்சலில் சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது. மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும். மயக்கத்தில் மூச்சு தடுமாறினால் உடனே காட்டிக்கொடுக்க மானிட்டர் வேண்டும். சாதாரண மானிட்டரை அந்த இயந்திரத்தின் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. அதற்கென்றே இருந்த மானிட்டர் பழுதாகிக் கிடந்தது.

போன வாரம் அது இல்லாமலேயே ஒரு பையனை உள்ளே அனுப்பியிருந்தார்கள். டெக்னீஷியன் கௌதம் வெளியே இழுத்தபோது பையனின் உதடு நீலமாக இருந்தது. ஆக்சிஜன் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். புது மானிட்டர் வரும்வரை எந்தக் குழந்தைக்கும் மயக்க மருந்து கூடாது என்று அன்றே ஷாஹினா சொன்னாள். சிவப்பிரகாசமும் தலையாட்டினார். ஆனாலும் சங்கவியை வரச் சொல்லிவிட்டார்.

"மானிட்டர் கப்பல்ல வருது மேடம். அதுவரைக்கும் சென்டரை இழுத்துப் பூட்டவா? ஊசி போட டூட்டி டாக்டர் இருக்கார். நீங்க ரிப்போர்ட் மட்டும் எழுதுங்க, போதும்."

"எழுத மாட்டேன்."

சங்கவியின் அம்மா ஷோபனாவுக்குக் கோபம் வந்தது. "காலையிலேருந்து பச்சத் தண்ணி கூட குடுக்காம வச்சிருக்கேன். இப்ப வந்து இல்லன்னா எப்படி, டாக்டரம்மா?"

ஷாஹினா அவள் பக்கம் திரும்பினாள். "உங்க கோபம் நியாயம்தான். ஆனா மயக்கத்துல இவளுக்கு மூச்சு நின்னா, அது எங்களுக்குத் தெரிய உள்ள ஒண்ணுமே இல்லம்மா. இது இன்னைக்கே எடுக்கவேண்டிய படமும் இல்ல. வலிப்பு மாத்திரையை விடாம குடுங்க. சென்னை டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

ஷோபனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறகு முதலாளியைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க பேத்தியா இருந்தா உள்ள அனுப்புவீங்களா, சார்?"

அவர் ஷாஹினா பக்கம் திரும்பினார். "இஷ்டம் இல்லேன்னா வேலையை விட்டுப் போகலாம்" என்றார்.

"போறேன். சொல்லவேண்டியதைச் சொல்லிட்டுப் போறேன்."

நேரே காத்திருப்புக் கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த பெற்றோரிடம் தமிழிலும் இந்தியிலும் உரக்கச் சொன்னாள்: உள்ளே மானிட்டர் இல்லை, குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஒரு வங்காளித் தகப்பன் முதலில் எழுந்து மகனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். கௌதம் கழுத்திலிருந்த அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டான். "நானும் எடுக்க மாட்டேன், சார்."

அன்றே ஷாஹினாவின் வேலை போனது. மரைன் ஹில் வீட்டில் அவளுடைய வாப்பா நஜிமுதீன், "ஊரே கேக்குதும்மா, என்ன சொல்றது?" என்றார்.

"நடந்ததைச் சொல்லுங்க வாப்பா. நமக்கு என்ன பயம்?"

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் சென்டர் முடங்கியது. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து யாரும் உடனே வரத் தயாராக இல்லை. கடைசியில் சிவப்பிரகாசமே போன் செய்தார்.

"மானிட்டர் வரணும். மயக்க மருந்து டாக்டர் ஸ்கேன் முடியறவரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். அப்பதான் வருவேன்" என்றாள்.

"எனக்கே கண்டிஷன் போடறீங்களா?"

"ஆமா சார்."

கப்பலில் வருவதாகச் சொன்ன மானிட்டர் விமானத்தில் வந்தது. முதலில் சங்கவியைத்தான் கூப்பிட்டார்கள். படம் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் மானிட்டரின் எண்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூளையில் ஒரு சின்ன வடு தெரிந்தது. வலிப்பை மாத்திரையில் கட்டுப்படுத்திவிடலாம் என்றார் சென்னை டாக்டர்.

மயக்கம் தெளிந்ததும் சங்கவி கையிலிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்து, கட்டடமே அதிரக் கத்தினாள். ஷோபனா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் போனாள்.

"விடுங்கம்மா" என்றாள் ஷாஹினா. "கத்தட்டும். நல்லா கத்தட்டும்."