முப்பத்தொன்றாவது கடிகாரம்

ஒசாகாவில் கினுயோ ஓட்டும் நகரப் பேருந்தில் தினமும் ஏறுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஏழு இருபத்துமூன்று என்றால் அது ஏழு இருபத்துமூன்றுதான். வண்டியில் நேரம் காட்டும் திரை இருக்கத்தான் செய்கிறது. அதை அவள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. இடது கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்ப்பாள், கதவை மூடுவாள், கிளம்பிவிடுவாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டென்றால், அந்தக் கைக்கடிகாரத்தை விடுமுறை நாளில் கழற்றி, பல்சக்கரம் பல்சக்கரமாக மேஜையில் பரப்பி வைப்பதுதான்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அவளையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். தென்மா கடைத்தெருவில் இகுகோ நடத்தும் காபிக்கடையில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவார்கள். ஒரு ரொட்டித் துண்டையும் அவித்த முட்டையையும் வைத்துக்கொண்டு மதியம்வரை மேஜையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இகுகோ முணுமுணுப்பாள், ஆனால் துரத்த மாட்டாள். இவர்களுக்குத் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஹமுரோ. தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை, அவராகவே ஆகிவிட்டார். தூரிகை எழுத்து அவருக்கு அழகாக வரும். அது அழகென்று அவருக்கும் தெரியும். அதனால் சங்கத்துக்கு நான்கு விதிகள் எழுதி, மரச்சட்டம் போட்டு, காபிக்கடைச் சுவரில் மாட்டியிருந்தார்.

ஒன்று, போட்டி வாரத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கலாம், நேரம் மாற்றுவதற்காகப் பக்கத் திருகை வெளியே இழுக்கக் கூடாது. இரண்டு, காலை முதல் மாலைவரை கடிகாரம் கையில் இருக்க வேண்டும். மூன்று, காபியில் விழுந்த கடிகாரத்துக்குக் கடை பொறுப்பல்ல. இது இகுகோ மிரட்டிச் சேர்த்தது. நான்காவது, ஒருவர் கடிகாரத்தை இன்னொருவர் பழுது பார்த்தால், பார்த்தவர் அதைத் தன் கையில் கட்டிப் பார்த்து, தனக்குத் திருப்தியான பிறகே திருப்பித் தர வேண்டும். ஒரு தடவை யாரோ அவசர அவசரமாகச் சரிசெய்து கொடுத்த கடிகாரம் ஒரே வாரத்தில் நின்றுபோன ஆத்திரத்தில் ஹமுரோ எழுதியது அது. எழுத்து மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் தடிமனாகவே இருக்கும்.

போட்டி என்றேனே, அது வருஷத்துக்கு ஒரு முறை, அக்டோபரில். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் திருகை இழுத்து விநாடி முள்ளை நிறுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். தொலைபேசியில் 117 போட்டால் ஒரு பெண் குரல் நேரம் சொல்லும். பத்து மணிக்கான ஒலி கேட்டதும் திருகை அமுக்குவார்கள். அதோடு சரி. அடுத்த ஞாயிறு அதே பத்து மணி ஒலிக்குத் திரும்ப இழுப்பார்கள். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. பன்னிரண்டிலிருந்து மிகக் குறைவாக விலகியவர் ஜெயித்தார். நான்கு வருஷமாக ஜெயித்தது ஹமுரோ. கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கினுயோவுக்கு வெற்றி தோல்வி பெரிதில்லை. ஹமுரோவின் அலமாரியில் இருந்த ஒரு கடிகாரம்தான் அவள் கண்ணை உறுத்தியது. உறுத்தாமல் என்ன செய்யும்? அது அவளுடையது.

சுவா ஏரிக்கரையில் அறுபத்தெட்டாம் வருஷம் செய்த கடிகாரம். ஷித்தென்னோஜி கோயில் சந்தையில் ஓடாத நிலையில் வாங்கினாள். அவள் முதன்முதலாகப் பிரித்தது அதைத்தான். எந்தத் திருகாணியும் வலப்பக்கம்தான் இறுகும் என்று நம்பி, இடப்பக்கம் இறுகும் ஒன்றை அமுக்கித் திருகி உடைத்தாள். தலைமுடி கனத்தில் இருந்த ஒரு ஸ்பிரிங் இடுக்கியிலிருந்து துள்ளிப் போய், மூன்று நாள் பாயில் மண்டியிட்டுத் தேடி, கடைசியில் கணவன் இசாமுவின் சாக்ஸில் கிடைத்தது. நாலு மணி இலக்கத்துக்குப் பக்கத்தில் இடுக்கி வழுக்கி ஒரு கீறல். இப்படி இரண்டு குளிர்காலம் பாடுபட்டு, ஒருநாள் அது டிக்டிக்கென்று ஓடத் தொடங்கியபோது அவள் மேஜையில் தலை வைத்து அழுதுவிட்டாள்.

அதை இசாமு தானம் செய்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இசாமு குளியலறைக்கு ஓடு பதிக்கிறவர். அவர் கையில் இருந்தது பேட்டரி கடிகாரம். அவருக்குத் தெரிந்தவரை, நின்றுபோன கடிகாரம் செத்த கடிகாரம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், வருஷக் கடைசிப் பெரிய துப்புரவின்போது இழுப்பறையில் ஒரு கடிகாரம் ஓடாமல் கிடப்பதைப் பார்த்தார். சாவி கொடுக்காவிட்டால் அது நிற்கத்தான் செய்யும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தெருச் சங்கத்தின் பழம்பொருள் விற்பனைக்குப் போகும் பெட்டியில் போட்டுவிட்டார். ஐநூறு யென் கொடுத்து அதை வாங்கியவர் ஹமுரோ. கினுயோ போய்த் தலைகுனிந்து கேட்டதற்கு, வாங்கினது வாங்கினதுதான் என்று சொல்லிவிட்டார். இசாமு அதற்கப்புறம் ஒரு மாதம் வீட்டில் குரலை உயர்த்தவே இல்லை. கினுயோ திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை, அதுதான் அவரை அரித்தது.

இந்த வருஷம் போட்டி தொடங்கும் ஞாயிறன்று ஹமுரோ வழக்கம்போல வாயைத் திறந்தார்.

"கினுயோ சான், நீங்க பஸ்ஸ நேரத்துக்கு எடுக்குறீங்க, சரி. கடிகாரத்த நேரத்துக்கு ஓட்டறது வேற வித்தை."

கினுயோ முட்டையை உரித்துக்கொண்டே, அப்படியானால் ஒரு பந்தயம் என்றாள். தான் ஜெயித்தால் அந்த சுவா கடிகாரம் தனக்கு. ஹமுரோ தாடையைத் தடவினார். தான் ஜெயித்தால் தன்னிடம் இருக்கும் முப்பத்தொரு கடிகாரங்களையும் அவள் ஒன்றுவிடாமல் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுத் தர வேண்டும், காசு கிடையாது என்றார். கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். பத்து மணி ஒலி கேட்டது. திருகுகள் உள்ளே போயின.

கடிகாரத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்குக் கழற்றி வைக்கவும் தெரியும். கினுயோவின் கடிகாரம் கையில் இருந்தால் நாளுக்கு இரண்டு விநாடி முந்தும். திருகு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தால் இராத்திரிக்குள் இரண்டு விநாடி பிந்தும். பகலில் முந்தியதை இரவில் பிடித்துக்கொள்ளலாம். அவள் தினமும் உமேப் பழ ஊறுகாய் ஜாடியில் சாய்த்து அதை நிமிர்த்தி வைத்தாள். காலையும் மாலையும் 117க்குப் போன் போட்டு நோட்டில் எழுதினாள். வெள்ளிக்கிழமைவரை எந்தக் காலையிலும் விலகல் ஒரு விநாடியைத் தாண்டவில்லை. இசாமு பக்கத்தில் நின்று நோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். ஜெயிச்சிடுவியா என்று அந்த வாரத்தில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பார்.

சனிக்கிழமை தெருச் சங்கத்தின் விளையாட்டு விழா. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு ஆள் குறைகிறது என்று கினுயோவைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் விதி இருக்கிறதே, கழற்றவும் முடியாது. அவள் கட்சிதான் ஜெயித்தது. பரிசாகக் கொடுத்த பாத்திரம் தேய்க்கும் பஞ்சோடு வீட்டுக்கு வந்து 117 போட்டுப் பார்த்தாள். ஆறு விநாடி முந்தியிருந்தது. உதறலில் தறிகெட்டு ஓடிவிட்டது.

"போச்சு," என்றாள். "ராத்திரி நிமித்தி வெச்சா ரெண்டு குறையும். நாலுல நிக்கும். ஹமுரோ எந்த வருஷமும் மூணத் தாண்டினதே இல்ல."

அவள் நோட்டில் ஆறு என்று எழுதி மூடியதை இசாமு பார்த்துக்கொண்டே நின்றார்.

ஞாயிறு காலை அவள் கடிகாரத்தைச் சோதிக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற அன்று புத்தகத்தைப் புரட்டாத ஜாதி அவள். குளித்துவிட்டு வந்து கையில் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆச்சரியம், இசாமுவும் கிளம்பி நின்றார். காபிக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன், கல்யாணத்துக்குக் கட்டும் டையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடையில் பத்துப் பேரும் திருகில் விரல் வைத்து உட்கார்ந்தார்கள். ஒலி கேட்டது, இழுத்தார்கள். இகுகோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினொரு விநாடி விலகல், ஒன்பது, ஒருவருக்கு இருபத்திரண்டு. ஹமுரோவுக்கு மூன்று. அவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். கடைசியாகக் கினுயோ.

"சரியா பன்னெண்டுல நிக்குது," என்றாள் இகுகோ. "ஒரு முடி கூட விலகல."

கடையே எழுந்து நின்றது. ஹமுரோவின் முகம் தொங்கிவிட்டது. முதுகில் தட்டுகிறார்கள், கையைக் குலுக்குகிறார்கள். கினுயோ மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கடிகாரத்தை அவளுக்குத் தெரியாதா? ஆறு விநாடி ஒரே இராத்திரியில் கரையாது. எந்த ஜாடியில் சாய்த்தாலும் கரையாது. நிமிர்ந்து பார்த்தாள். இசாமு ஓரத்தில் நின்று சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தடித்த விரல்களால் திருகை இழுத்து, 117 சொன்ன நொடியில் அமுக்கியிருக்கிறார். எத்தனை தடவை தவறிப்போய்த் திரும்பத் திரும்பச் செய்தாரோ.

முதலில் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கல்யாண டையைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அந்தப் பழம்பொருள் பெட்டியை மனசில் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறார் இந்த மனுஷன். வாயைத் திறக்காமல் இருந்தால் கடிகாரம் இப்போதே கைக்கு வந்துவிடும். இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு தடவை மணி பார்க்கும்போதும் தனக்குத் தெரியும். கடிகாரம் கட்டுவதே சரியான நேரம் தெரிய வேண்டும் என்றுதானே.

"நான் தோத்துட்டேன்," என்றாள். "வாரத்துல ஒரு தடவ திருகு வெளிய வந்திருக்கு. முதல் விதி. என் நோட்டுப்படி நாலு இருக்கணும்."

ஹமுரோ மெல்லக் காலை மடக்கிக்கொண்டார்.

"திருகு தானா வெளிய வராதே. யார் இழுத்தது, பூனையா?"

"ஆமா. எங்க வீட்டுல ஒரு பூன இருக்கு. டையெல்லாம் கட்டும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இசாமு இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம் கடை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஹமுரோவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே, பந்தயம் பந்தயம்தான் என்று ஞாபகப்படுத்தவும் தவறவில்லை.

மறுநாளே கேக் பெட்டியில் முப்பத்தொரு கடிகாரங்களும் வந்து இறங்கின. நல்ல மூளை இருந்தால் ஹமுரோ அந்த சுவா கடிகாரத்தை மட்டும் வீட்டில் வைத்திருப்பார். ஓசியில் வேலை நடக்கிறது என்றதும் மனுஷனுக்கு எதையும் விட மனசு வரவில்லை. பெட்டியைத் திறந்ததுமே நாலு மணிக்குப் பக்கத்தில் அந்தக் கீறல் கினுயோவின் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, முதல் கடிகாரத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான். இசாமு விளக்கைப் பிடித்தார், துள்ளிப் போன ஸ்பிரிங்குகளைத் தேடினார். முன்னெச்சரிக்கையாக முதலில் சாக்ஸை உதறிப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, கினுயோ ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் நான்கைந்து நாள் கையில் கட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மார்ச்சுக்குள் முப்பது போய்ச் சேர்ந்தன. ஏப்ரல் முடிந்தது. மே முடிந்தது. ஜூனில் ஹமுரோ போன் செய்தார். முப்பத்தொன்றாவது என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"கையிலதான் இருக்கு," என்றாள் கினுயோ. "கட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு விலகுது?"

"வாரத்துக்கு ரெண்டு செகண்ட் முந்துது."

"அது போதுமே, கினுயோ சான். அதுக்கு மேல என்ன வேணும்?"

"உங்களுக்குப் போதும். ஆனா நாலாவது விதி உங்க திருப்தியக் கேக்கலையே. பாத்தவங்களுக்குத் திருப்தியாகணும்னுதான எழுதியிருக்கு? அதுவும் நல்லா தடிச்ச எழுத்துல."

மறுமுனையில் ஹமுரோ அந்த விதியை ஒருமுறை முணுமுணுத்துப் பார்ப்பது கேட்டது.

"சரி," என்றார் ஹமுரோ கடைசியில். "உங்களுக்கு எப்பதான் திருப்தியாகும்?"

"இந்த ஜென்மத்துல ஆகும்னு தோணல."

திருடி, கொள்ளைக்காரி என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்தார். அந்த ஞாயிறு காபிக்கடைக்கு வந்ததும் சட்டத்தைக் கழற்றி நான்காவது விதியைத் திருத்தப் பார்த்தார். தலைவர் தன் கையெழுத்தையே அழிப்பதா என்று இகுகோ தூரிகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போதும் ஏழு இருபத்துமூன்று வண்டி அந்தக் கீறல் விழுந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புகிறது. கினுயோ வாசலில் ஷூ மாட்டும்போது இசாமு உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பார். தினமும் ஒரே கேள்வி. சாப்பாட்டுப் பெட்டி எடுத்தியா, குடை எடுத்தியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"சாவி குடுத்தியா?"

"நீங்க குடுங்க," என்று கையை நீட்டுவாள் அவள். ஓடு பதிக்கும் அந்தத் தடித்த விரல்கள் திருகைப் பிடித்து, வெளியே இழுத்துவிடாமல், மெல்ல மெல்லச் சுற்றும்.