பி குரூப் மகள்

ஏழாவது கேள்வி மிகச் சுலபம்.

'தந்தை ஏ, தாய் ஓ. குழந்தைக்கு எந்த ரத்த வகை வரவே வராது?'

முதலாண்டு உயிரியல் தேர்வு. செல், என்சைம், ஒளிச்சேர்க்கை என்று மளமளவெனத் தாண்டி வந்திருந்த நாரே, 'பி, ஏபி' என்று எழுதினாள்.

பேனா அப்படியே நின்றது.

அப்பா ஏ. அம்மா ஓ. அவள் பி!

தென்கொரியாவின் பூசானில் பெயரைக் கேட்ட கையோடு ரத்த வகையையும் கேட்பார்கள்; குணம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பவர் யார்?

எட்டாவது கேள்வி: 'மைட்டோகாண்ட்ரியா யாரிடமிருந்து வருகிறது?'

தாயிடமிருந்து. சரி, மற்றதெல்லாம் யாரிடமிருந்து?

மிச்சக் கேள்விகளை அவள் படிக்கவே இல்லை. பேருந்து பிடித்து அப்பாவின் எலும்பு சூப்புக் கடைக்கு ஓடினாள். மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அம்மா முள்ளங்கி வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மன்சிக் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மறைக்காம சொல்லு. நான் யாரோட பொண்ணு?"

"பரீட்சை அவ்வளவு மோசமாடி?"

"ஏவுக்கும் ஓவுக்கும் பி பொறக்காதும்மா!"

கத்தி பலகையில் விழுந்தது.

"அடிப்பாவி! என்னையா சந்தேகப்படறே? ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அப்பாவின் கையிலிருந்த கரண்டி நழுவிப் பானைக்குள் மூழ்கியது. உப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே, ராணுவத்தில் கழுத்தில் போட்டிருந்த தகடு. பெயருக்குக் கீழே ஆழமாகப் பொறித்த ஒற்றை எழுத்து.

பி.

அம்மாவிடம் சொன்னார்: "உங்கம்மாதான், கல்யாணப் பேச்சுல, 'பி ஆம்பளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன், அவனுங்க முன்கோபி, நிலையில்லாதவனுங்க'ன்னாங்க. பயந்து ஏ குரூப்புன்னு சொல்லிட்டேன். அப்புறம் சொல்ல தைரியம் வரல."

நாரே முக்காலியில் சரிந்தாள். அப்பா, அப்பாதான்!

அம்மா உட்காரவில்லை. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க கோவிச்சுக்கிட்டு வெளிய போறப்பல்லாம், ஏ குரூப்பு, பாவம், மனசுக்குள்ளயே வச்சுக்கிற ஜாதின்னு நானே தேடிப் போய் சமாதானம் பண்ணினேனே... அதெல்லாம் வெறும் கொழுப்பா?"

அப்பா பானைக்குள் கரண்டியைத் தேடினார்.

"இவ யாரோட பொண்ணுன்னு தெரிஞ்சு போச்சு," என்றாள் அம்மா. "நான் யாரோட பொண்டாட்டி?"

வாசலில் யாரோ, "ரெண்டு சூப்பு!" என்றார்கள். மூவரும் அசையவில்லை.