மேடைக்கு அடியில் நடுவர்

படாரென்று கதவைத் தள்ளிக்கொண்டு சிரில் டக்வொர்த் உள்ளே வந்த வேகத்தில், என் மடியிலிருந்த அக்கார்டியன் நழுவி விழுந்து அலறியது.

"நார்மன்! பேப்பர்ல உன் படம் வந்திருக்குடா!"

மதுக்கடை மாடியில் உட்கார்ந்து, நார்மன் ஹாஸ்லம் தன் கட்டைச்செருப்பின் அடியிலிருந்த இரும்பு லாடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வட இங்கிலாந்தின் ஆக்கன்ஷாவில் எங்கள் மூவருக்கும் ஒரே நெசவாலை. வேலை விட்டால் இந்த மாடிதான். அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்று, கட்டைச்செருப்பால் பலகை அதிரத் தாளம் தட்டி ஆடுவார்கள், நான் வாசிப்பேன். சனிக்கிழமை வட்டாரக் கோப்பைக்கான ஜோடி ஆட்டப் போட்டி. அந்தக் கோப்பையை நார்மன் இரண்டு முறை கையில் வாங்கியிருக்கிறான். இரண்டு முறையும் ஜெயித்தவர்களிடம் எடுத்துக் கொடுப்பதற்காக.

சிரில் விரித்துக் காட்டியது லண்டன் நையாண்டிப் பத்திரிகை ஒன்றின் படக்கதை. வடக்கத்தி ஆலைத் தொழிலாளிகள் கட்டைச்செருப்பு ஆட்டத்தைக் கால்பந்துச் சண்டை போல ஆடுகிறார்கள். தொங்கு மீசையும் தொப்பியுமாக ஒரு தலைவன். கடைசிக் கட்டத்தில் அவன் எதிராளியின் முழங்கால் எலும்பில் ஓங்கி உதைக்கிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

"இது நான் இல்ல," என்றான் நார்மன்.

"மீசை?"

"ஊர்ல எனக்கு மட்டுமா மீசை இருக்கு?"

"அந்தத் தாடை உனக்கு மட்டும்தான்டா இருக்கு."

நார்மன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கடைசிக் கட்டத்தில் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக உடனே கோபமும் வந்தது. "நம்மளக் கேலி பண்றானா, இல்ல நம்ம மேல பிரியமா வரையறானா?" என்று என்னைக் கேட்டான்.

மறுநாளே கசாப்புக்கடைக்காரர் அதைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். தறி இரைச்சலில் எங்கள் ஊர்ப் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். நார்மன் நடந்து போனால் தறிக்குத் தறி உதடுகள், "உதை, உதை" என்றன. அவன் மனைவி எட்னாவோ, "படத்துல இருக்கவன் உன்னைவிடக் கலகலப்பாத்தான்யா இருக்கான்," என்றாள்.

சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. வழக்கமாக ஆடுகிறவர்களின் மனைவிமார் மட்டும்தான் வருவார்கள். நடுவர் எஸ்ரா ஹோல்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேடைக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தார். எங்கள் பக்கத்து முறை அது. ஆடுகிறவன் முகத்தை நடுவர் பார்க்கக் கூடாது. காலின் சத்தத்தைக் கேட்டுத்தான் மதிப்பெண்.

கடைசி ஜோடியாக நார்மனும் சிரிலும் மேடையேறினார்கள். இருவரும் அவ்வளவு சுத்தமாக ஆடி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் சிரித்தது. "எப்ப உதைப்ப நார்மன்? நேரமாகுதுல்ல!" என்று யாரோ கத்த, கூடமே குலுங்கியது.

பலகைக்கு அடியிலிருந்து எஸ்ராவின் தூசி படிந்த தலை வெளியே வந்தது. "யோவ், ஒரு அடிகூடக் காதுல விழலய்யா! திரும்ப ஆடுங்க. இந்தத் தடவையும் கேக்கலேன்னா மார்க் கிடையாது."

நார்மன் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். "தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க. எங்களுக்கு இது போட்டிங்க."

அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நார்மனின் உதட்டிலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுபடி ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் நார்மனின் வலது கால் பக்கவாட்டில் வீசியது. லாடம் சிரிலின் முழங்காலுக்குக் கீழே போய் இறங்கியது.

கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டல். தொப்பிகள் பறந்தன. பிறகு சிரில் விழுந்தான். காலுறையில் ரத்தம் ஊறுவதை முன்வரிசை பார்த்தது. கைதட்டல் அறுந்து போயிற்று.

அந்த நிசப்தத்தில் நார்மனின் கால்கள் மட்டும் நிற்கவில்லை. ஒரு அடி பிசகாமல், தனியாக, முடிவு வரை ஆடினான். நானும் வாசித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தலாமா கூடாதா என்று புரியவில்லை.

அடியிலிருந்து எஸ்ராவின் குரல் உற்சாகமாக எழுந்தது. "இப்பத்தான்யா கேட்டுச்சு! அடடா, ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரியில்ல ஆடுறீங்க! கோப்பை உங்களுக்குத்தான்யா!"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நார்மன் மூச்சு வாங்க மண்டியிட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து சிரிலின் காலில் கட்டினான். சிரில் அவன் முகத்தையே பார்த்தான்.

"கால் வழுக்குச்சா, இல்ல வேணும்னே உதைச்சியாடா?"

"சத்தியமாத் தெரியல சிரில். ஆனா அந்தக் கைதட்டு... நல்லா இருந்துச்சுடா."