கடைசி ஆளாக வா

சொர்ணலட்சுமிக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நோயோடு பிறந்த மகன் மண்ணுக்குள் கிடக்கிறான். புருசன் ஈஸ்வருக்கும் அவளுக்கும் எச்.ஐ.வி. அப்படியிருந்தும் அவனுக்கு ஒரே பிடிவாதம்: கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டும். சாகப்போகிறவன் தனக்கு நெருப்பு வைக்க ஆள் தேடியது அவள் வயிற்றில்.

நெய்த சேலையைக் கடைக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சின்னாளபட்டியில் பஸ் ஏறி, செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்கு வந்து வெறும் வயிற்றோடு உட்கார்ந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் மட்டும் கடைசி. அவளுக்குச் செய்தால் தியேட்டரையே கழுவ வேண்டுமாம்.

"ஏத்தா, எனக்கு முன்னாடி வந்தவ நீ. இன்னுமா கூப்பிடல?" பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"கடைசிப் பந்தியிலதான்க்கா பாயாசம் கெட்டியா இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். பொழுது சாய்ந்ததும் டாக்டர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிப் போனார். நர்ஸ் இன்னாசியம்மாள் வெளியே வந்தாள்.

"நேரமாயிருச்சு. அடுத்த செவ்வா வா."

"போன செவ்வாயும் இதத்தான சொன்னீங்க சிஸ்டர்?"

"நான் என்னடி செய்ய? அதுவரைக்கும் இந்த நிரோத்த அவருட்டக் குடு."

"குடுத்தேன். ஊதி, மக வெளையாடக் குடுத்துட்டாரு. பொண்டாட்டிட்டப் போக எதுக்குடி உறைங்கிறாரு. மாட்டேன்னா அடி."

அடுத்த செவ்வாயும் அதே கதை. அதற்கடுத்து டாக்டர் லீவு. ஒருவழியாக "இன்னைக்குக் கட்டாயம்" என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் மூத்திரம் பரிசோதித்த இன்னாசியம்மாள் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீ முழுகாம இருக்கடி."

"அப்ப அதையும் கலைச்சு, சேத்தே பண்ணிவிடுங்க."

"அதுக்கு வேற டாக்டரம்மா. அவுகளும் ஒன்னயக் கடைசியாத்தான் வரச் சொல்லுவாக. பேசாமப் பெத்துக்க. இப்ப மாத்திரை இருக்கு, பிள்ளைக்கு வராமப் பாத்துக்கலாம்."

"பெத்தா பாத்துக்குவீக. இம்புட்டு நாளா இங்கனயே கெடந்தேன், அப்பப் பாக்கலையே!"

இன்னாசியம்மாள் அடுத்தவள் பெயரைக் கூப்பிட்டாள்.

வீட்டு வாசலிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே தறிச் சத்தம் நின்றது. ஈஸ்வர் எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான். ஒருநாளும் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு தராதவன், செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஆம்பளப் பயதான், பாரு."

விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத வாய். அவள் வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள்.