பழுப்புத்தாளில் ஐந்தாம் நிலை

பஸ் ஓட்டுகிறவளுக்கு பாலே நடனம் எதற்கு என்று டிப்போவில் எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். "கிளட்ச் மிதிச்சே தேஞ்ச காலுக்கு ஒரு மாறுதல் வேணாமா?" என்று அவளும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. அவளுடைய வழித்தடத்தில், ஒரு சிக்னலுக்கு எதிரே, மாடியில் அந்த நடனப் பள்ளி இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும் தொண்ணூறு வினாடியும் ஜன்னலுக்குள் யாருடைய கைகளோ மெதுவாக உயர்வதைப் பார்ப்பாள். பச்சை விழுந்து, பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கும்வரை பார்த்த நாளும் உண்டு.

நாற்பத்து மூன்று வயதில், பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்ந்தாள். எட்டு சனிக்கிழமைகள். எட்டாவது வாரம் டீச்சர் ஒவ்வொருவரையும் தனியாக ஆடவிட்டுப் பார்ப்பார். பன்னிரண்டு பேரில் ஆறு பேருக்குத்தான் அடுத்த வகுப்பில் இடம். அந்த ஆறில் ஒன்று தனக்கு வேண்டும் என்பதை அவள் கணவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பல் தேய்க்கும்போதுகூடக் குதிகால்களை ஒட்டி, பாதங்களை இருபுறமும் விரித்து முதல் நிலையில் நிற்கிறவளின் மனசு அவருக்குத் தெரியாதா?

ஆறாவது, ஏழாவது வாரங்களில் டிப்போ அவளுக்குச் சனிக்கிழமை டூட்டி போட்டது. அதுவரை சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்த அடிகளைக் கோத்து, கம்பியை விட்டு அறை நடுவே ஆடக் கற்றுத்தரப்போவது அந்த இரண்டு வாரங்களில்தான்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றார் கணவர். அவர் தையற்கடைக்காரர்.

"உள்ள விடமாட்டாங்க."

"வெளிய நின்னு பாக்குறேன். ஆளைப் பாத்தே அளவு சொல்றவன் நான். கால் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியாமப் போயிடுமா?"

இரண்டு சனிக்கிழமையும் கடையைச் சாத்திவிட்டுப் போனார். துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத்தாளில் அவள் பாதங்களை வைத்து வரைந்து, பாத வடிவில் வெட்டி எடுத்து, ஓட்டைகளுக்குப் பக்கத்தில் எண் போட்டார். அந்தத் தாள் சமையலறைத் தரையை அடைத்துக்கொண்டு கிடந்தது. காலையில் அவள் டூட்டிக்குக் கிளம்புமுன் இருவரும் அதன்மேல் நின்றார்கள்.

"இது அஞ்சாம் நிலை. பெட்டிக்குள்ள செருப்பு வைக்கிற மாதிரி, ஒண்ணோட குதி இன்னொண்ணோட விரல் பக்கம். இடது கால் முன்னாடி. ஆச்சா? முட்டியை மடக்கு. அதான் பிளியே. இப்ப இடது பக்கமா வழுக்கிட்டுப் போ, இஸ்திரிப் பெட்டி போற மாதிரி. கடைசியா நுனிக்கால்ல எந்திரிச்சு, மேல் தட்டுல நூல்கண்டு எடுக்கிற மாதிரி கையைத் தூக்கு."

சொல்லிவிட்டு அவரும் செய்து காட்டினார்.

"பாலேல மொத்தம் அஞ்சு நிலைதாங்க. உங்க தொப்பை எதுல நிக்குது?"

"அது ஆறாவது. இன்னும் கண்டுபிடிக்கல."

எட்டாவது சனிக்கிழமை. தனியாக ஆடுமுன் எல்லோரையும் சேர்ந்து ஒருமுறை ஆடச் சொன்னார் டீச்சர். பியானோ தொடங்கியது. பதினொரு பேர் வலப்பக்கம் வழுக்கிப் போனார்கள். அவள் இடப்பக்கம் போய், அடுத்து நின்ற பல் டாக்டரம்மாவின் தோளில் முட்டினாள்.

"ஒன்வேல வந்துட்டீங்க, டிரைவரம்மா" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

அவள் முகம் சுட்டது. எதிர்ச் சுவர் முழுக்க இருந்த கண்ணாடியில், பின்னாலிருந்த கதவு தெரிந்தது. கதவில் பதித்த சிறு கண்ணாடி ஜன்னலின் முக்கால்பங்கை நேர அட்டவணை மறைத்திருந்தது. மிச்சமிருந்த கோட்டில் கணவரின் ஒரு கண்ணும் பாதி மூக்குக்கண்ணாடியும். அந்தக் கோடு வழியே பார்த்தால் இந்தச் சுவர்க்கண்ணாடியின் ஒரு துண்டுதான் தெரியும். அதில் விழுந்த டீச்சரின் பிம்பத்தை, எதிரே நின்று ஆடும் ஆளாகவே போன இரண்டு வாரமும் நினைத்திருக்கிறார். எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடப்பக்கம். இருபத்தைந்து வருடம் அளவெடுத்தவர் யோசிக்கக்கூடச் செய்யாமல் பக்கத்தை மாற்றிப் போட்டிருப்பார்.

தனியாக ஆடும் வரிசையில் அவள் நான்காவது. மூன்று பேர் ஆடி முடிப்பதற்குள் கால்களுக்குப் புதிதாக எதைச் சொல்லித் தர? சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். சமையலறையும் அந்தத் தாளும் வந்தன. கூடவே கடையும் வந்தது. சட்டையின் இரண்டு கைகளுக்கும் அவர் ஒரே ஒரு தாள்தான் வெட்டுவார். திருப்பிப் போட்டால் மறு கை.

மனசுக்குள் குனிந்து, பழுப்புத்தாளை இரு முனைகளில் பிடித்துத் தூக்கி, அப்படியே திருப்பிப் போட்டாள். முன்னால் இருந்த இடது பாதம் இப்போது வலது பாதமாகக் கிடந்தது.

டீச்சர் அவளைக் கூப்பிட்டார். ஐந்தாம் நிலையில் நின்றாள், வலது கால் முன்னே. பியானோவை ஒரு தாளம் போகவிட்டு, தாளின் ஓட்டைகளைத் தேடித் தேடி முட்டியை மடக்கினாள். வழுக்கும் இடத்தில் இடது கால் ஒரு கணம் முண்டியது. அதை அடக்கிக்கொண்டு வலப்பக்கம் போனாள். நுனிக்காலில் எழுந்தபோது கை தானாக உயர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, கீழே, சிக்னல் சிவப்பாக இருந்தது.

"ஒரு தாளம் லேட்டு" என்றார் டீச்சர்.

"பஸ்ஸுன்னா அப்படித்தான் டீச்சர்" என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்காமல் குறிப்பேட்டில் எழுதினார். "அடுத்த வகுப்பு ஒன்பது மணிக்கு. அதுக்காவது நேரத்துக்கு வந்துடுங்க."

வெளியே, அவளுடைய பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார் கணவர். டாக்டரம்மாவை முட்டியது வரை பார்த்துவிட்டு, மேலே பார்க்கத் தைரியமில்லாமல் திரும்பிக்கொண்டாராம்.

"ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேனே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தாளைத் திருப்பிப் போட்டுக்கிட்டேங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. "அப்ப இடம்?"

"கிடைச்சிருச்சு."

அவர் அவள் தோளில் பையை மாட்டி, முறுக்கியிருந்த அதன் வாரை நேராக்கினார். நேரான பிறகும் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தார்.

நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அவர் எட்டி எட்டி சாலையைப் பார்த்தார். அவருடைய குதிகால்கள் ஒட்டி, செருப்பின் முனைகள் இருபுறமும் விரிந்து, கச்சிதமான முதல் நிலையில் இருந்தன. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் காலை நேராக்கிக்கொள்வார்.